வீட்டு வெப் சர்வருக்குள் வெளியிலிருந்து பாதுகாப்பாகப் போவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஒரு மூலையில் பழைய லேப்டாப்போ ராஸ்பெர்ரி பையோ வெப் சர்வராக ஓடிக்கொண்டிருக்கிறது. வெளியே இருக்கும்போது அதற்குள் போய் வேலை பார்க்க வேண்டும், அதே சமயம் கண்டவனும் உள்ளே நுழையக் கூடாது. இதைச் சுற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளும் என் பதில்களும் கீழே. சர்வரில் லினக்ஸ் ஓடுகிறது, ரூட்டரின் செட்டிங்ஸ் பக்கத்துக்குப் போகத் தெரியும், டெர்மினலைக் கண்டால் பயமில்லை என்று வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன்.

என்னுடையது சின்ன சர்வர். இதை யார் தேடி வரப்போகிறார்கள்?

உங்களை யாரும் தேடி வர மாட்டார்கள். ஆனால் இணையத்தில் இருக்கும் எல்லா முகவரிகளையும் வரிசையாகத் தட்டிப் பார்க்கும் புரோகிராம்கள் இரவும் பகலும் ஓடுகின்றன, அந்த வரிசையில் உங்கள் முகவரியும் வரும். ஐபிவி4 என்ற பழைய வகை இணைய முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடிதான். 2013-ல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஸீமேப் என்ற கருவி, ஒரே ஒரு கம்ப்யூட்டரும் ஒரு கிகாபிட் இணைப்பும் இருந்தால் பொது இணையத்தின் ஐபிவி4 முகவரிகள் முழுவதையும் ஒரு போர்ட்டுக்காக (மெஷினில் ஒவ்வொரு சேவைக்கும் இருக்கும் எண்ணிட்ட வாசல்தான் போர்ட்) 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்க்கலாம் என்று காட்டியது. அது பத்து வருஷத்துக்கும் முந்தைய கதை.

நம்பிக்கை வரவில்லை என்றால் எஸ்எஸ்எச்-க்கான (சர்வரின் டெர்மினலுக்குள் வெளியிலிருந்து நுழையும் வழி) போர்ட் 22 திறந்திருக்கும் ஏதாவது ஒரு சர்வரின் லாகை, அதாவது நடப்பதைப் பதிவு செய்யும் ஃபைலை, எடுத்துப் பாருங்கள். ரூட், அட்மின், டெஸ்ட், உபுண்டு, பை, ஆரக்கிள், கிட் என்று பெயர் மாற்றி மாற்றி ஒருவன் முயன்றுகொண்டே இருப்பான், ஒவ்வொரு வரிக்கும் இடையே சில நொடிதான் இருக்கும், அவன் ஓய்ந்ததும் வேறொரு முகவரியிலிருந்து அதே பட்டியல் மறுபடி ஆரம்பிக்கும். வெப் சர்வரின் லாகும் அப்படித்தான். வேர்ட்பிரஸ்ஸே இல்லாத இடத்தில் வேர்ட்பிரஸ்ஸின் லாகின் பக்கத்தைக் கேட்பார்கள், பாஸ்வேர்டுகளை எழுதி வைக்கும் என்வ் ஃபைல் அப்படியே கிடக்கிறதா என்று பார்ப்பார்கள், கிட் ஃபோல்டர் திறந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். 2016-ல் மிராய் என்ற மால்வேர் கேமராக்களையும் ரூட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்தது, அதன் கையில் இருந்ததோ கம்பெனிகள் போட்டு அனுப்பிய அறுபது சொச்சம் யூசர்நேம்-பாஸ்வேர்டு ஜோடிகள் மட்டும்தான்.

அப்படியென்றால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

எந்த சாஃப்ட்வேரையும் போடுவதற்கு முன்னால் ஒரு விஷயத்தை முடிவு செய்யுங்கள். உங்கள் சர்வருக்கு இரண்டு வகையான ஆட்கள் வருகிறார்கள். ஒன்று, உங்கள் வெப்சைட்டைப் படிக்க வரும் ஊர் பேர் தெரியாதவர்கள். இன்னொன்று, சர்வரை நிர்வாகம் செய்ய வரும் நீங்கள். முதல் கூட்டத்துக்கு எச்டிடிபிஎஸ்-க்கான போர்ட் 443 மட்டும் வேண்டும், கூடவே எச்டிடிபி-க்கான 80-ம் இருக்கலாம். உங்களுக்கு வேண்டியதோ எஸ்எஸ்எச், அட்மின் பக்கம், டேட்டாபேஸ், பேக்கப், இன்னும் என்னென்னவோ.

பெரும்பாலான தலைவலிகள் இந்த இரண்டையும் ஒரே வழியில் விடுவதால் வருகின்றன. எஸ்எஸ்எச்-ஐ இணையத்துக்குத் திறந்து வைத்துவிட்டு, அப்புறம் அதை எப்படிக் காப்பாற்றுவது என்று ஒன்றன் மேல் ஒன்றாக ஏதேதோ போட்டுக்கொண்டே போகிறோம். என் அபிப்பிராயம் எளிது: நீங்கள் மட்டும் பயன்படுத்தும் எதுவும் இணையத்தில் யார் கண்ணிலும் படவே வேண்டாம். அதற்கு விபிஎன் (வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் போகும் மறையாக்கம் செய்த தனி வழி) போதும். வெப்சைட்டையும் நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் மட்டும்தான் பார்க்கிறீர்கள் என்றால் இன்னும் நல்லது, 443-ஐக்கூடத் திறக்க வேண்டியதில்லை, எல்லாமே விபிஎன் வழியாகப் போகட்டும். பொது வெப்சைட் வேண்டும், ஆனால் அது வெறும் எச்டிஎம்எல் பக்கங்கள்தான் என்றால், அதை வெளியே ஏதாவது ஹோஸ்டிங்கில் வைத்துவிட்டு வீட்டு சர்வரை முழுக்க மூடி வைப்பதையும் யோசித்துப் பாருங்கள்.

ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து ஒரு போர்ட்டுக்கு வருவதை உள்ளே சர்வருக்குத் திருப்பி விடுவது) செய்தாலே ஆபத்தா?

இல்லை. திறந்த போர்ட்டுக்குப் பின்னால் எந்த புரோகிராம் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. ஒழுங்காக அப்டேட் ஆகும் என்ஜின்எக்ஸோ கேடியோ (இரண்டும் வெப் சர்வர் புரோகிராம்கள்) 443-ல் உட்கார்ந்து சாதாரணப் பக்கங்களைக் கொடுத்துக்கொண்டிருந்தால் பெரிய பயம் இல்லை. நாலு வருஷமாக யாரும் தொடாத போட்டோ கேலரி ஒன்று அதே 443-க்குப் பின்னால் இருந்தால் பயப்படுங்கள். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர் க்யூநாப் சேமிப்புக் கருவிகளைத் தாக்கியபோது, மாட்டிக்கொண்டவை இணையத்திலிருந்து நேராக எட்டும்படி வைத்திருந்த கருவிகள்தான்.

ரூட்டரில் இரண்டு விஷயங்களை மட்டும் இன்றைக்கே பார்த்துவிடுங்கள். டிஎம்இசட் என்ற வசதியில் சர்வரின் முகவரியைப் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். வீட்டு ரூட்டர்களில் அதற்கு, வேறெங்கும் போகாத எல்லா போர்ட்டையும் அந்த ஒரு மெஷினுக்கு அனுப்பு என்று அர்த்தம். அடுத்தது யுபிஎன்பி, அதையும் அணைத்துவிடுங்கள். வீட்டுக்குள் இருக்கும் எந்தக் கருவியும் உங்களைக் கேட்காமலேயே ரூட்டரில் போர்ட் திறந்துகொள்ள அது வழி செய்கிறது. சில வீடியோ கேம்கள் முரண்டு பிடிக்கலாம், பிடிக்கட்டும். ரூட்டரின் சொந்த அட்மின் பக்கம் வெளியிலிருந்து திறக்கிறதா என்பதையும் அந்தச் சூட்டோடு பார்த்துவிடுங்கள். திறக்கக் கூடாது.

போர்ட்டைத் திறந்துவிட்டேன், ஆனாலும் வெளியிலிருந்து வர முடியவில்லையே?

முதலில், எங்கிருந்து சோதித்தீர்கள்? வீட்டு வைஃபையிலேயே இருந்துகொண்டு வெளி முகவரியைத் தட்டினால் பல ரூட்டர்கள் அந்தக் கனெக்ஷனைத் திருப்பி உள்ளே அனுப்பாது. போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பாருங்கள்.

அப்படியும் வரவில்லை என்றால் ரூட்டரின் நிலைப் பக்கத்தில் வெளிப்புற ஐபி என்ன காட்டுகிறது என்று பாருங்கள். அது 100.64-க்கும் 100.127-க்கும் இடையே ஆரம்பித்தால் நீங்கள் சிஜிநேட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள், அதாவது இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கிறது. இதற்கென்றே அந்த எண்களை 2012-ல் ஒதுக்கினார்கள். இந்த நிலையில் உங்கள் ரூட்டரில் எதைத் திறந்தாலும் பிரயோஜனமில்லை. நிறுவனத்திடம் பொது ஐபி கேட்டு வாங்கலாம், அல்லது உள்ளேயிருந்து வெளியே கனெக்ஷன் போடும் வழிகளுக்குப் போகலாம். அவற்றைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

முகவரி பொதுவானதுதான், ஆனால் அடிக்கடி மாறுகிறது என்றால் அது வேறு பிரச்சினை. டைனமிக் டிஎன்எஸ் (மாறும் முகவரியை ஒரே பெயரோடு பொருத்தி வைக்கும் சேவை) வைத்துக்கொண்டால் சரியாகிவிடும்.

எந்த விபிஎன்?

வயர்கார்டு. ஜேசன் டோனன்ஃபெல்ட் எழுதியது, 2020 மார்ச்சில் வந்த லினக்ஸ் கெர்னல் 5.6 முதல் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. மொத்தமே சுமார் நாலாயிரம் வரி கோடு, அதனால் ஒரு ஆள் உட்கார்ந்து முழுசாகப் படித்துப் பார்க்க முடிகிற அளவு. ஓபன்விபிஎன் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் அவசரப்பட்டு மாற்ற வேண்டாம், ஆனால் புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு நான் வேறு எதையும் சொல்ல மாட்டேன்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது இதன் மௌனம். சரியான கீ இல்லாத பாக்கெட் வந்தால் வயர்கார்டு பதிலே சொல்லாது, 'தவறான பாஸ்வேர்டு' என்றுகூடச் சொல்லாது. பதில் கட்டாயமில்லாத யுடிபி முறையில் ஓடுவது என்பதால், தட்டிப் பார்க்கிறவனுக்கு அந்த போர்ட்டில் ஏதாவது இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. எஸ்எஸ்எச் அப்படியில்லை, கதவைத் தட்டியதுமே தன் பெயரையும் பதிப்பு எண்ணையும் ஒப்பித்துவிடும்.

அமைப்பதும் சுலபம். சர்வரில் ஒரு கீ ஜோடி (ரகசியமாக வைக்கும் பிரைவேட் கீயும், வெளியே கொடுக்கும் பப்ளிக் கீயும்), போனில் ஒன்று, லேப்டாப்பில் ஒன்று. பப்ளிக் கீகளை மட்டும் பரிமாறிக்கொள்ள வேண்டும். ரூட்டரில் யுடிபி 51820-ஐ மட்டும் சர்வருக்கு ஃபார்வர்டு செய்யுங்கள், வேறு எண் வைத்தாலும் தப்பில்லை. குழப்பம் வருவதெல்லாம் அலவ்டு ஐபிஸ் என்ற ஒரு வரியில்தான். சர்வர் பக்கத்தில் அதற்கு 'இந்தக் கருவி எந்த முகவரியோடு வரலாம்' என்று பொருள், அதனால் ஒவ்வொரு கருவிக்கும் ஒரே ஒரு முகவரி, கடைசியில் /32. போன் பக்கத்தில் அதே வரிக்கு 'எந்த முகவரிக்குப் போகும் டிராஃபிக்கை இந்த வழியில் அனுப்ப வேண்டும்' என்று பொருள். அங்கே 0.0.0.0/0 என்று எழுதினால் போனின் ஐபிவி4 டிராஃபிக் மொத்தமும் வீட்டு வழியாகத்தான் போகும். சர்வரை மட்டும் எட்டினால் போதும் என்றால் சர்வரின் விபிஎன் முகவரியை மட்டும் எழுதுங்கள்.

ஒரே கீயை இரண்டு கருவிகளில் போடாதீர்கள். இரண்டும் ஒரே நேரத்தில் இணைந்தால் சர்வர் எதற்குப் பதில் அனுப்புவது என்று தெரியாமல் மாறி மாறி அலையும், அதோடு ஒன்று தொலைந்தால் இரண்டையும் மாற்ற வேண்டி வரும்.

டெயில்ஸ்கேல், கிளவுட்ஃப்ளேர் டன்னல் எல்லாம் சொல்கிறார்களே?

இரண்டும் நல்ல கருவிகள்தான், ஆனால் இரண்டும் வேறு வேறு வேலை செய்கின்றன. டெயில்ஸ்கேல் உள்ளுக்குள் வயர்கார்டையே பயன்படுத்துகிறது. கீ பரிமாற்றத்தையும், ரூட்டரைத் தாண்டி வழி கண்டுபிடிப்பதையும் அதுவே பார்த்துக்கொள்கிறது, போர்ட் திறக்க வேண்டியதே இல்லை. சிஜிநேட்டுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவர்களுக்கு இது கைகொடுக்கும். பதிலுக்கு, யார் உள்ளே வரலாம் என்று தீர்மானிக்கும் இடம் அவர்களிடம் போகிறது, அதில் நுழையும் கூகுள் அல்லது கிட்ஹப் கணக்குதான் உங்கள் வீட்டுக்கே சாவி ஆகிறது. அந்தக் கணக்குக்கு டூ-ஃபேக்டர் போடாமல் டெயில்ஸ்கேல் வைத்துக்கொள்வதில் அர்த்தமில்லை. அவர்களை நம்ப மனமில்லாதவர்கள் ஹெட்ஸ்கேல் என்ற ஓபன் சோர்ஸ் மாற்றைத் தாங்களே ஓட்டுகிறார்கள்.

கிளவுட்ஃப்ளேர் டன்னல் பொது வெப்சைட்டுக்கானது. உங்கள் சர்வரிலிருந்து வெளியே ஒரு கனெக்ஷன் போய் நிற்கும், வருகிறவர்கள் கிளவுட்ஃப்ளேர் வழியாக வருவார்கள், உங்கள் வீட்டு ஐபி யாருக்கும் தெரியாது. ஆனால் எச்டிடிபிஎஸ் மறையாக்கம் அவர்களிடம் அவிழ்ந்துதான் உங்களிடம் வருகிறது, அதாவது நடுவில் அவர்களால் எல்லாவற்றையும் பார்க்க முடியும். வலைப்பதிவுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. குடும்பப் போட்டோவுக்கும் கணக்கு வழக்குக்கும் எனக்கு இது ஒத்துவராது.

எஸ்எஸ்எச்-ஐ எப்படி இறுக்குவது?

விபிஎன்னுக்குப் பின்னால் வைத்தாலும் இதைச் செய்யுங்கள். பாஸ்வேர்டு வேண்டாம், கீ மட்டும். உங்கள் லேப்டாப்பில் எஸ்எஸ்எச்-கீஜென் ஓட்டி எட்25519 வகைக் கீ ஒன்றை உண்டாக்குங்கள், கேட்கும்போது பாஸ்ஃபிரேஸ் கொடுங்கள் (வெறுமனே என்டர் தட்டிவிட்டுப் போகாதீர்கள், லேப்டாப் திருடு போனால் அந்தப் பாஸ்ஃபிரேஸ்தான் உங்களுக்கு அவகாசம் தரும்), பப்ளிக் கீயை மட்டும் சர்வருக்கு அனுப்புங்கள். யுஎஸ்பி செக்யூரிட்டி கீ வைத்திருப்பவர்களுக்கு இன்னும் வசதி: 2020-ல் வந்த ஓபன்எஸ்எஸ்எச் 8.2 முதல், அந்தக் கருவியைக் கையால் தொட்டால்தான் வேலை செய்யும்படி கீ உண்டாக்க முடியும்.

கீ வேலை செய்கிறது என்று உறுதியான பிறகு சர்வரில் எஸ்எஸ்எச்-ன் கான்ஃபிக் ஃபைலில் பாஸ்வேர்டு ஆதென்டிகேஷன், கீபோர்டு இன்டராக்டிவ் ஆதென்டிகேஷன், பெர்மிட் ரூட் லாகின் மூன்றையும் 'நோ' ஆக்குங்கள். முதலாவதை மட்டும் மாற்றிவிட்டு இரண்டாவதை விட்டுவிட்டால் சில அமைப்புகளில் பாஸ்வேர்டு வேறு பெயரில் கேட்கப்பட்டுக்கொண்டேதான் இருக்கும்.

இங்கே பலரையும் ஏமாற்றும் ஒரு சமாச்சாரம் உண்டு. மெயின் கான்ஃபிக் ஃபைலில் 'நோ' என்று தெளிவாக எழுதியிருக்கும், சர்வீஸையும் ரீஸ்டார்ட் செய்திருப்பார்கள், ஆனாலும் பாஸ்வேர்டு கேட்கும். காரணம், உபுண்டு போன்றவற்றில் மெயின் ஃபைலின் தொடக்கத்திலேயே இன்னொரு ஃபோல்டரில் இருக்கும் துண்டு ஃபைல்களை உள்ளே இழுக்கும் ஒரு வரி இருக்கிறது, கிளவுட்-இனிட் (சர்வரை முதல் முறை தானாக அமைக்கும் புரோகிராம்) அங்கே 50 என்று ஆரம்பிக்கும் பெயரில் ஒரு ஃபைலைப் போட்டு அதில் 'யெஸ்' என்று எழுதி வைத்திருக்கலாம். எஸ்எஸ்எச் சர்வர் ஒரே அமைப்பை இரண்டு இடத்தில் பார்த்தால் முதலில் கண்ணில் பட்டதைத்தான் எடுத்துக்கொள்ளும். நீங்கள் கீழே எழுதியதை அது படிக்கும், ஆனால் மதிக்காது. அதனால் ஃபைலை நம்பாதீர்கள், எஸ்எஸ்எச்டி கட்டளையைப் பெரிய எழுத்து டி (T) என்ற ஆப்ஷனோடு ரூட்டாக ஓட்டுங்கள். கடைசியில் எந்த அமைப்பு செல்லுபடியாகிறது என்று முழுப் பட்டியலாகக் காட்டும். சின்ன எழுத்து டி (t) கொடுத்தால் கான்ஃபிக்கில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மட்டும் சொல்லும், ரீஸ்டார்ட் செய்வதற்கு முன் அதையும் ஓட்டுவது நல்லது.

இன்னொன்று. இந்த மாற்றங்களைச் செய்யும்போது ஏற்கெனவே திறந்திருக்கும் டெர்மினலை மூடாமல், புதிதாக இன்னொன்றைத் திறந்து அதில் நுழைய முடிகிறதா என்று பாருங்கள். ரீஸ்டார்ட் செய்தாலும் பழைய கனெக்ஷன் அறுந்துபோகாது, தப்பு நடந்திருந்தால் அதிலேயே சரிசெய்துவிடலாம்.

போர்ட் 22-ஐ வேறு எண்ணுக்கு மாற்றினால் போதாதா?

லாகில் சத்தம் குறையும், அவ்வளவுதான். 65,535 போர்ட்தான் இருக்கிறது, உங்களைக் குறிவைப்பவன் எல்லாவற்றையும் பார்த்துவிடுவான்.

ஃபெயில்2பேன்?

திரும்பத் திரும்பத் தப்பாக முயலும் முகவரியை அடைத்துவிடும் புரோகிராம் அது. பாஸ்வேர்டு அணைத்த எஸ்எஸ்எச்-க்கு அது பெரும்பாலும் அலங்காரம். ஆயிரக்கணக்கான முகவரிகளிலிருந்து ஆளுக்கு ஒரு முறை முயலும் கூட்டத்தை அது பிடிக்காது, ஆனால் உங்கள் கீ ஏஜென்ட் ஐந்தாறு கீகளை வரிசையாக நீட்டினால் உங்களையே அடைத்துவிடும் சாத்தியம் உண்டு. வெப் ஆப்பின் லாகின் பக்கம் பொதுவெளியில் இருந்தால் அங்கே அதற்கு உண்மையான வேலை இருக்கிறது, அங்கே போடுங்கள்.

டேட்டாபேஸ் பேனல், மானிட்டரிங் பக்கம் இதெல்லாம் பிரவுசரில் பார்க்க வேண்டுமே?

பாருங்கள், ஆனால் அவை 127.0.0.1-ல் (அந்த மெஷினுக்குள்ளிருந்து மட்டும் எட்டும் முகவரி) மட்டும் கேட்கட்டும். எஸ்எஸ்எச்-ல் பெரிய எழுத்து எல் (L) ஆப்ஷன் கொடுத்தால் உங்கள் லேப்டாப்பின் ஒரு போர்ட், சர்வருக்குள் இருக்கும் அந்த போர்ட்டோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் லேப்டாப் பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் என்று தட்டினால் பக்கம் வந்துவிடும். வெளியே ஒன்றுமே திறக்க வேண்டியதில்லை. வயர்கார்டு இருந்தால் அந்த விபிஎன் முகவரியில் மட்டும் கேட்கும்படி வைத்தாலும் சரி.

டாக்கர் (புரோகிராம்களைத் தனித்தனிக் கன்டெய்னர்களில் ஓட்டும் கருவி) பயன்படுத்துகிறவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் 22, 443 தவிர எல்லாவற்றையும் மூடிவிட்டேன் என்று நிம்மதியாக இருப்பீர்கள். ஆனால் டாக்கரில் 8080:80 என்று போர்ட்டைப் பப்ளிஷ் செய்தால், டாக்கர் தானாகவே லினக்ஸின் அடிப்படை ஃபயர்வால் விதிகளான ஐபிடேபிள்ஸில் விதிகளை எழுதிக்கொள்கிறது, அந்த டிராஃபிக் யுஎஃப்டபிள்யூ காவல் காக்கும் இடத்துக்கு வராமலே கன்டெய்னருக்குப் போய்விடும். யுஎஃப்டபிள்யூவின் நிலையைக் கேட்டால் எல்லாம் மூடியிருக்கிறது என்றே சொல்லும். வீட்டில் ரூட்டர் நடுவில் இருப்பதால் பல பேருக்கு இது தெரியாமலே போகிறது, அதே காம்போஸ் ஃபைலை (டாக்கர் அமைப்புகளை எழுதி வைக்கும் ஃபைல்) வாடகை சர்வருக்குக் கொண்டுபோகும்போதுதான் வெடிக்கிறது. 127.0.0.1:8080:80 என்று எழுதினால் தீர்ந்தது. முன்னால் சேர்க்கும் இந்தச் சின்னத் துண்டில்தான் வெளியே கசிந்த பாதி டேட்டாபேஸ்களின் கதை இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

எஸ்எஸ் (ss) என்ற கட்டளையை டிஎல்என்பி (-tlnp) ஆப்ஷன்களோடு ஓட்டினால் எந்த புரோகிராம் எந்த முகவரியில் கேட்கிறது என்று தெரியும். 0.0.0.0 என்றும் நட்சத்திரக் குறி என்றும் (எல்லா முகவரியிலும் கேட்கிறது என்று அர்த்தம்) இருக்கும் ஒவ்வொரு வரிக்கும் 'இது ஏன்?' என்று உங்களால் பதில் சொல்ல முடிய வேண்டும்.

எச்டிடிபிஎஸ் சான்றிதழ் போட்டால் சர்வர் பாதுகாப்பாகிவிடுமா?

வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது, அவ்வளவே. ஓட்டை ஆப் எச்டிடிபிஎஸ்ஸிலும் ஓட்டை ஆப்தான். ஆனாலும் போடாமல் இருக்கக் காரணமே இல்லை, லெட்ஸ் என்க்ரிப்ட் இலவசமாகக் கொடுக்கிறது, கேடி வைத்தால் நீங்கள் கேட்காமலே வாங்கிப் புதுப்பித்துக்கொள்ளும். புதுப்பித்தல் தானாக நடக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். காலாவதி பற்றி மின்னஞ்சல் அனுப்பும் வழக்கத்தை லெட்ஸ் என்க்ரிப்ட் 2025-ல் நிறுத்திவிட்டது, சான்றிதழ்களின் ஆயுளோ குறைந்துகொண்டே போகிறது. 2029-க்குள் அதிகபட்சம் 47 நாள் என்று பிரவுசர் நிறுவனங்களும் சான்றிதழ் நிறுவனங்களும் சேர்ந்து முடிவெடுத்திருக்கின்றன.

பலருக்குத் தெரியாத ஒன்று: நீங்கள் சான்றிதழ் வாங்கிய பெயர் உடனே பொதுப் பதிவேடுகளில் ஏறிவிடும். யாரும் ஊகிக்க முடியாத சப்டொமைன் பெயர் வைத்து நெக்ஸ்ட்கிளவுடை (நாமே நடத்தும் ஃபைல் சேமிப்பு ஆப்) ஒளித்து வைத்திருக்கிறேன் என்று நினைத்தால், அந்தப் பெயர் சில நிமிடங்களிலேயே உலகத்துக்குத் தெரிந்துவிடுகிறது, சான்றிதழ் கிடைத்த சூட்டிலேயே லாகில் தட்டிப் பார்க்கும் புரோகிராம்கள் வரத் தொடங்குவது அதனால்தான். பெயர் வெளியே வரக் கூடாது என்றால் டிஎன்எஸ் வழிச் சரிபார்ப்பில் வைல்டுகார்டு சான்றிதழ் (எல்லா சப்டொமைன்களுக்கும் பொதுவானது) வாங்குங்கள். அந்த முறைக்கு எந்த போர்ட்டும் திறந்திருக்க வேண்டியதில்லை என்பதால், விபிஎன்னுக்குள்ளேயே வைத்திருக்கும் சர்வருக்கும் முறையான சான்றிதழ் கிடைத்துவிடும்.

ஐபிவி6 பற்றிக் கவலைப்பட வேண்டுமா?

ஆமாம், ஏனென்றால் ஐபிவி4-க்கு அடுத்து வந்த இந்த முகவரி வகையைப் பெரும்பாலும் எல்லாரும் மறந்துவிடுகிறோம். ஐபிவி4-ல் ரூட்டரின் நேட் (வீடு முழுவதும் ஒரே வெளி முகவரியைப் பகிரும் ஏற்பாடு) காரணமாக, போர்ட் ஃபார்வர்டு செய்யாதவரை யாரும் உள்ளே வர முடியாது. ஐபிவி6-ல் வீட்டின் ஒவ்வொரு கருவிக்கும் உலகத்திலிருந்து நேராக எட்டக்கூடிய முகவரி இருக்கும், தடுத்து நிறுத்துவது ரூட்டரின் ஃபயர்வால் மட்டுமே. நல்ல ரூட்டர்கள் உள்ளே வரும் கனெக்ஷனைத் தாமாகவே தடுக்கும். உங்களுடையது நல்ல ரூட்டரா என்பதை வெளியிலிருந்து அந்த முகவரியைத் தட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சர்வரிலும் ஃபயர்வால் விதிகள் ஐபிவி6-க்கும் சேர்த்து இருக்கின்றனவா என்று பாருங்கள்.

கீ போட்டாயிற்று, விபிஎன் போட்டாயிற்று, அப்டேட் அவ்வளவு முக்கியமா?

2024 ஜூலையில் ஓபன்எஸ்எஸ்எச்-ல் ஒரு ஓட்டை வெளியானது. ரெக்ரெஷன் என்று பெயர் வைத்தார்கள், 2006-ல் அடைத்த பழைய ஓட்டையே பிற்பாடு தெரியாமல் மறுபடி திறந்துகொண்டது. லாகின் செய்வதற்கு முன்பே தாக்க முடிகிற வகை அது, அதாவது உங்கள் கீ எவ்வளவு உறுதியாக இருந்தாலும் அங்கே அதற்கு வேலையே இல்லை. நடைமுறையில் பயன்படுத்துவது கடினமாக இருந்தது என்றாலும், போர்ட் திறந்து வைத்திருந்தவர்களுக்கு அன்றைக்கு அவசர வேலை. எஸ்எஸ்எச்-ஐ விபிஎன்னுக்குப் பின்னால் வைத்திருந்தவர்கள் நிதானமாக அப்டேட் செய்தார்கள்.

அதே வருஷம் மார்ச்சில் வந்த எக்ஸ்இசட் விவகாரம் இன்னும் விசித்திரம். கிட்டத்தட்ட எல்லா லினக்ஸிலும் இருக்கும் ஒரு சுருக்கல் நூலகத்தில், அதைப் பராமரிக்கும் பொறுப்பை மெதுவாகச் சம்பாதித்துக்கொண்ட ஒருவர் எஸ்எஸ்எச்-க்குப் பின்வழி ஒன்றை ஒளித்து வைத்திருந்தார். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் டெவலப்பர், எஸ்எஸ்எச் லாகின் அரை நொடி தாமதமாகிறதே என்று குடைந்து பார்த்ததில் அது அம்பலமானது. சோதனைப் பதிப்புகளைத் தாண்டிப் பெரிதாகப் பரவும் முன்பே பிடிபட்டுவிட்டது. இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது, வீட்டு சர்வருக்கு நிலையான பதிப்பே போதும், புத்தம்புதுசு எதுவும் வேண்டாம் என்பதுதான். டெபியன், உபுண்டுவில் அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ் என்ற பேக்கேஜை வைத்துவிட்டால் பாதுகாப்பு அப்டேட்கள் தானாக ஏறும். டாக்கர் இமேஜ்களை அது தொடாது, அதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். ரூட்டரின் ஃபர்ம்வேரையும்தான்.

சர்வர் மாட்டிக்கொண்டால் வீட்டில் மற்ற கருவிகளும் போய்விடுமா?

ஒரே நெட்வொர்க்கில் இருந்தால் போகலாம். பொதுவெளிக்குத் திறந்திருக்கும் சர்வரைத் தனி விலேனில் (ஒரே ரூட்டரில் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்) வையுங்கள், ரூட்டரில் அந்த வசதி இல்லையென்றால் கெஸ்ட் நெட்வொர்க்காவது உதவும். மெயின் நெட்வொர்க்கிலிருந்து சர்வருக்குப் போகலாம், சர்வரிலிருந்து மெயின் நெட்வொர்க்குக்கு வர முடியாது என்பதே விதி.

பொது வைஃபையிலிருந்து எஸ்எஸ்எச்-ல் நுழையலாமா?

தாராளமாக. முதல் தடவை இணையும்போது காட்டும் ஃபிங்கர்பிரின்ட்டை (சர்வரின் அடையாளமான ஹோஸ்ட் கீயின் சுருக்கம்) வீட்டிலேயே ஒரு முறை சரிபார்த்து 'யெஸ்' சொல்லியிருக்க வேண்டும். சர்வரை நீங்கள் மாற்றாதபோது, ஹோஸ்ட் கீ மாறிவிட்டது என்று பெரிய எச்சரிக்கை வந்தால் நிறுத்திவிடுங்கள். பழைய வரியை அழித்துவிட்டு அடுத்த முயற்சிக்குப் போவது எல்லாருக்கும் கை பழக்கம், அந்தப் பழக்கம் இங்கே ஆகாது.

போன் தொலைந்துவிட்டது, அதில் வயர்கார்டு இருந்தது.

சர்வரில் அந்தப் போனுக்கான பியர் பகுதியை எடுத்துவிட்டு வயர்கார்டை ரீலோடு செய்யுங்கள். ஆத்தரைஸ்டு கீஸ் ஃபைலில் (உள்ளே வர அனுமதித்த கீகளின் பட்டியல்) அந்தப் போனின் எஸ்எஸ்எச் கீ இருந்தால் அந்த வரியையும் நீக்குங்கள். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் எந்தக் கருவி என்று குறிப்பு எழுதி வைத்திருந்தால் இது ரெண்டு நிமிஷ வேலை. வைக்கவில்லையென்றால் இப்போதே போய் எழுதுங்கள். இதைச் செய்ய இன்னொரு கருவியிலிருந்து உள்ளே வர வேண்டும் என்பதால், ஒரே ஒரு கருவியை மட்டும் நம்பி வெளியூர் போகாதீர்கள்.

யாரோ உள்ளே வந்துவிட்டார்கள் என்று சந்தேகம். என்ன செய்வது?

நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள். பவரை அணைக்க வேண்டாம், மெமரியில் இருப்பதைப் பார்க்க வேண்டி வரலாம். மானிட்டரும் கீபோர்டும் மாட்டி, லாஸ்ட் கட்டளையில் யார் எங்கிருந்து நுழைந்தார்கள், ஆத்தரைஸ்டு கீஸில் உங்களுக்குத் தெரியாத வரி இருக்கிறதா, தானாக ஓட வேண்டியவற்றை வைத்திருக்கும் க்ரான்டேபிலும் சிஸ்டம்டியிலும் புதிதாக ஏதாவது முளைத்திருக்கிறதா, ப்ராசஸர் காரணமில்லாமல் நூறு சதவீதத்தில் ஓடுகிறதா (வீட்டு சர்வரில் பெரும்பாலும் கிரிப்டோ மைனர்தான்) என்று பாருங்கள். ஆனால் ஒன்று, ரூட் வரை போயிருந்தால் இந்தக் கட்டளைகள் சொல்வதையே நம்ப முடியாது. லாகைத் திருத்தியிருப்பான்.

அதனால் சுத்தம் செய்து பார்க்கிறேன் என்று உட்காராதீர்கள். டிஸ்கை அழித்து முதலிலிருந்து நிறுவுங்கள், சம்பவத்துக்கு முந்தைய பேக்கப்பிலிருந்து டேட்டாவை மட்டும் எடுங்கள், புரோகிராம்களை எடுக்க வேண்டாம். அந்த பேக்கப், சர்வரால் எழுதி அழிக்க முடிகிற இடத்தில் இருந்திருந்தால் அதுவும் சந்தேகத்துக்குரியதே, ஆகவே பேக்கப் மெஷின்தான் சர்வரிடம் வந்து டேட்டாவை எடுத்துப் போக வேண்டும், சர்வருக்கு பேக்கப் மெஷினின் கீ தெரிந்திருக்கக் கூடாது. சர்வரில் இருந்த எல்லா ரகசியங்களும் வெளியே போய்விட்டன என்றே வைத்துக்கொள்ளுங்கள்: வயர்கார்டு கீ, ஹோஸ்ட் கீ, டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, டிஎன்எஸ் ஏபிஐ டோக்கன், மெயில் அனுப்ப வைத்திருந்த பாஸ்வேர்டு. கடைசியாகச் சொன்ன இரண்டையும்தான் மறப்பார்கள். டிஎன்எஸ் டோக்கன் அவன் கையில் இருந்தால் உங்கள் டொமைன் பெயருக்கு அவனே சான்றிதழ் வாங்கிக்கொள்வான், புதிதாக நிறுவிய சர்வர் அதைத் தடுக்காது. அதை முதலில் ரத்து செய்யுங்கள், டிஸ்கை அழிப்பதற்கும் முன்னால்.